பெருமாயி வண்டிக்கு மலை படுத்த கதை

கொம்புமலை முதன்முதலாகப் படுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடிவாரத்தில் சந்தை கூடிக்கொண்டிருந்த நேரத்தில், பெருமாயியின் பழைய மொபெட் ஒரு மூட்டை அரிசியும் இரண்டு டின் மண்ணெண்ணெயும் ஒரு பொட்டி கருவாடும் ஏற்றிக்கொண்டு மூன்றாவது வளைவில் திரும்பியபோது. மலை இடியவில்லை, சரியவில்லை, ஒரு கல்கூட உருளவில்லை. நின்று சலித்த எருமை முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, ஒரு பெருமூச்சு விட்டு மண்ணில் சாயுமே, அப்படிச் சாய்ந்து படுத்துக்கொண்டது. உச்சியிலிருந்த மேல்நாட்டு ஊரும், அதன் வீடுகளும், அடுப்பில் கொதித்த சோறும், கொடியில் காய்ந்த துணியும் இருந்தது இருந்தபடியே இறங்கி வந்து சந்தைக்கு நேரெதிரே சமமாக நின்றன. வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், “அட, மேல்நாடு வந்துருக்குது” என்றார்கள், மறுபடி வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இதற்கெல்லாம் காரணம் எத்திராஜ்தான் என்று எத்திராஜே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான், அதில் பொய்யில்லை. ஆற்காட்டுப் பக்கத்து ஆள், பெண்ணெடுத்த ஊரிலேயே தங்கிவிட்ட மெக்கானிக், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தான். அவன் வாய்க்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. ஆனால் வாய் அடிக்கிற சவடாலில் பாதியையாவது கை செய்து காட்டிவிடும் என்பதால் யாரும் அவனைக் கோபித்துக்கொள்வதில்லை. அவனிடம் போய்த்தான் பெருமாயி ஒருநாள் வண்டியை நிறுத்தி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

“தம்பி, மூட்டை ஏத்துனா நாலாவது வளைவுல இந்த வண்டி என்னைய எறக்கி உட்டுத் தள்ளச் சொல்லுது. நான் வண்டியில போறனா, இல்ல வண்டி எம்மேல ஏறிப் போகுதா?”

“அதுக்கு மூச்சு முட்டுதுக்கா. மூக்கைப் பாதி அடைச்சுத்தான் கடைக்கே அனுப்புறான். நான் தொறந்து வுடுறேன். அப்புறம் பாருங்க, மலையே உங்க வண்டிக்கு மரியாதை குடுக்கும்.”

பெருமாயி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தன் பொருள் மேல் அடுத்தவன் கைவைக்கும்போது கண் அதில் இருக்க வேண்டும். எத்திராஜ் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த கரியைச் சுரண்டி எடுத்து, உருட்டு அரத்தால் புகை வெளியேறும் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினான், அகட்டினான், ஊதினான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், திருப்தியில்லாமல் மறுபடி அரம் போட்டான். பெட்ரோலும் காற்றும் கலந்து ஏறிவரும் வழிகளை உப்புத்தாள் சுற்றிய குச்சியால் கண்ணாடியாக வழித்தான். தலைப்பகுதியை லேத்தில் கொடுத்து ஒரு நகக்கண் அளவு சீவி வாங்கினான். பெட்ரோல் கூடுதலாக இறங்க கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட் போட்டான். சைலன்சரைக் கழற்றி மூலையில் கடாசிவிட்டு, தகடுகளைக் கூம்பு கூம்பாக வெட்டிப் பற்றவைத்து, நடுவில் வயிறு பெருத்து இருபக்கமும் ஒடுங்கிய ஒரு குழாயை அந்த இடத்தில் மாட்டினான்.

“இது எதுக்கு இப்படி புள்ளத்தாச்சியாட்டம்?” என்றாள் பெருமாயி.

“வெளிய ஓடுற புகையோட கொஞ்சம் நல்ல பெட்ரோலும் தப்பிச்சு ஓடுதுக்கா. இந்த வயித்துல மோதித் திரும்புற அலை இருக்கே, அது ஓடுனதைப் புடிச்சு மறுபடி உள்ள தள்ளிடும்.”

வாசல் வரை போன விருந்தாளியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அடுத்த பந்தியில் உட்காரவைக்கிற வேலை என்று பெருமாயி புரிந்துகொண்டாள். அப்படிப்பட்ட ஆட்களை அவளுக்குப் பிடிக்கும், குழாயையும் பிடித்துப்போனது. மாட்டி முடித்து, ஓட்டிப் பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைக் காட்டினான் எத்திராஜ். வறுத்த கொத்தமல்லி நிறம். “இந்த நிறம் வந்துட்டா இன்ஜின் சந்தோசமா இருக்குதுன்னு அர்த்தம். ஒண்ணு மட்டும் மறைக்கல. மெதுவாப் போனா இழுவை முன்னைக்குக் கம்மிதான். முழுசா முறுக்கி அந்தக் குரல் வர வரைக்கும் பொறுக்கணும்.”

மூன்றாவது வளைவில் வந்தது அந்தக் குரல். அதுவரை முக்கி முனகிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று தொண்டை திறந்து, உருமியும் நாயனமும் சேர்ந்தாற்போல் ஒரே சுதியில் பிடித்தது, பிடித்த மாத்திரத்தில் மலை படுத்தது. பெருமாயி சமதரையில் போய் மேல்நாட்டுக்குள் நுழைந்தாள். ஆக்சிலேட்டரை விட்டதும் மலை மெல்ல எழுந்து உடம்பை உதறிக்கொண்டு தன் இடத்தில் நின்றது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். மேல்நாட்டு பஸ்ஸின் டிரைவர் பெருமாயி கிளம்பும்வரை டீ குடித்துக்கொண்டு காத்திருந்து அவள் பின்னாலேயே வண்டியை விட்டார், கண்டக்டர் மட்டும் மலை டிக்கெட்டையே கிழித்துக்கொடுத்தார், “மலை படுத்தா டிக்கெட்டும் படுக்குமா?” என்று சண்டைக்கு வந்தார். மேல்நாட்டுப் பெண்களுக்குக் காலங்காலமாகக் குளிரில் வடகம் காயாது. இப்போது மலை படுக்கிற நேரம் பார்த்துக் கூழ் கிளறி வைத்து, கீழ்நாட்டு வெயில் வந்ததும் வேட்டியை விரித்துப் பிழிந்தார்கள். உச்சியில் வழக்கமாக உட்காரும் மேகம் என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் நிறுத்தத்துக் கூரைமேல் வந்து உட்கார்ந்ததில் பரோட்டாக் கடைக்காரர் குரங்குக் குல்லா வாங்கினார். மேலே பெண் கொடுக்க மாட்டோம் என்று தலைமுறையாக அடம்பிடித்த அடிவாரத்துக் குடும்பங்கள், எட்டிப் பார்த்தால் வீடு தெரிகிறதே என்று ஜாதகத்தை எடுத்தன. மேல்நாட்டுப் பள்ளி ஆசிரியர்கள்தான் கவலைப்பட்டார்கள், மலை மலையாக இருந்தால்தானே சம்பளத்தோடு மலைப்படி வரும். மலை படுப்பது தற்காலிகமானது, சிறிது நேரத்துக்கே, அதுவும் விடுமுறை நாட்கள் நீங்கலாக, என்று அவர்கள் சாமிக்குத் தனியாக ஒரு பொங்கல் வைத்து வேண்டிக்கொண்டார்கள்.

வண்டியைச் சும்மா நிறுத்தி முறுக்கினால் மலை அசையவில்லை. எத்திராஜ் பத்துப் பேரைக் கூட்டிவைத்து முறுக்கிக் காட்டி அசடு வழிந்தான். சுமை ஏற்றி, சாலையில் ஓடி, அந்தக் குரல் பிடித்தால்தான் படுத்தது. இறங்கும்போது அந்தக் குரலுக்கு வேலையே இல்லை. கொம்புமலையில் வண்டி வைத்திருக்கும் யாரும் இறக்கத்தில் இன்ஜினை ஓடவிடுவதில்லை. புளியமரத்து வளைவு வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, பெட்ரோலை மிச்சம்பிடித்து, காற்று காதில் விசிறக் கீழே வந்து சேர்வதுதான் வழக்கம், பெருமாயியும் வாழைத்தார்களோடு ஒவ்வொரு சாயங்காலமும் அப்படித்தான் வந்தாள். ஆகவே மலை காலையில் மட்டும் படுத்தது. சாயங்காலம் தன்பாட்டில் நின்றது.

பெருமாயிக்கு இந்தப் பெருமையெல்லாம் ஒரு பக்கம் இருந்தாலும் மனசில் முள்ளாக ஒன்று தைத்துக்கொண்டே இருந்தது. அவள் மகள் பூவிழி இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், இன்னும் காது குத்தவில்லை. மூளிக்காதி என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள். காது குத்துவது குலசாமி முன்னால், அடிவாரத்துக் கோயிலில், தாய்மாமன் மடியில் வைத்து. சாமி அடிவாரத்தில் இருந்தது, மகளும் அடிவாரத்தில் இருந்தாள், மடிதான் மலைமேல் இருந்தது.

மடிக்குச் சொந்தக்காரன் பெருமாயியின் அண்ணன் செங்கோடன். மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தான். அடி ஒன்றும் பெரிதாகப் படவில்லை, ஆனால் எழுந்து நின்றபோது பூமி சுற்றியது, அன்றிலிருந்து எங்கே சரிவைக் கண்டாலும் சுற்றியது. சமதரையில் அவன் ராஜா. சரிவு என்றால் ஒரு முழம் இறக்கம் போதும், கண்ணை மூடிக்கொண்டு தரையைக் கட்டிக்கொள்வான். மேல்நாட்டில் தன் வீட்டையும் அதைச் சுற்றி மட்டம் செய்த தோட்டத்தையும் விட்டு அவன் வெளியே வந்து வருஷக்கணக்காகிறது. ஜீப்பில் படுக்கவைத்துக் கொண்டுவந்து பார்த்தார்கள், முதல் வளைவிலேயே அவன் போட்ட சத்தத்தில் டிரைவர் பயந்து திருப்பிவிட்டார். பூவிழியை அவன் தன் முற்றத்தில் மட்டும்தான் தூக்கி வளர்த்தான்.

இந்த ஆடிக்குப் பெருமாயியின் புருஷன் வடக்கே போர்வெல் வண்டியிலிருந்து லீவில் வருகிறான். இனியும் தள்ளிப்போட முடியாது, ஒன்றுவிட்ட மாமன் மோகன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று மாமியார் வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். பெருமாயி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில எம்பட புள்ளைய இன்னொருத்தன் மடியில வெக்கறதா? நாளைக்கி அவ கண்ணாலத்துக்கு மாமன்னு மோகன்தான் முன்னால நிப்பான். எங்கண்ணன் பந்தியில உக்காந்து சோறு திங்கறதா?”

“சோறு திங்கவாச்சும் அவரு கீழ எறங்கோணுமே அம்மிணி” என்றார் மாமனார். கேலியாகச் சொல்லவில்லை, அதனால்தான் பெருமாயிக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை உப்பு மூட்டையோடு மேலே போனாள். குரல் பிடித்தது, மலை படுத்தது. ஊருக்குள் நுழையும்போது சாலையோரத்துப் பலாமரத்தடியில் ஒரு ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, போகிற வருகிற ஆளையெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். செங்கோடன். வீட்டு வேலியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அத்தனை தூரம் நடந்து வந்திருந்தான். பெருமாயி அவனையே பார்த்தபடி ஆக்சிலேட்டரை விட்டுவிட்டாள், மலை எழுந்தது, செங்கோடன் பலாமரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டான். வண்டியிலிருந்து சரிந்து விழுந்த உப்பு மூட்டையை எடுக்கக்கூட மறந்து அவள் மரத்தடிக்கு ஓடினாள்.

“அண்ணா, கண்ணை மூடிக்கிட்டே கேளு. வண்டியில உன்னைய ஏத்திக்கிட்டு, கீழ வரைக்கும் அந்தச் சத்தத்தை உடாம ஓட்டுனா வந்துருவியா?”

“சத்தம் இருக்கற வரைக்கும் வருவன் அம்மிணி” என்றான் செங்கோடன், மரத்துக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு. “பாப்பாவுக்கு நான் மடி குடுக்காம வேற எவன் குடுக்கறது?”

எத்திராஜிடம் வந்து சொன்னாள். அவன் முதன்முறையாகச் சவடால் அடிக்காமல் கொஞ்ச நேரம் யோசித்தான். ஏற்றத்துக்கு அந்த இன்ஜின் தாங்கும், இத்தனை பாரத்தோடு கீழ்வரை முழு முறுக்கில் இடைவிடாமல் ஓடினால் சூடு ஏறும். ஜெட்டை இன்னும் ஒரு அளவு பெரிதாக்கினான், பெட்ரோலில் எண்ணெயைக் கூட்டிக் கலந்தான், சிலிண்டரின் தகடுகளுக்கிடையில் காய்ந்திருந்த சேற்றைத் தையல் ஊசியால் குத்தியெடுத்தான். பிஸ்டனைப் புதிதாகப் போட்டு, அது பழகுவதற்காக ஒரு வாரம் தானே ஓட்டினான். அந்த வாரம் அவன் யாரிடமும் பெருமை பேசவில்லை என்று அவன் பெண்டாட்டியே வந்து பெருமாயியிடம் கவலைப்பட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள் பெருமாயியின் வலது கையைப் பிடித்து ஆக்சிலேட்டரில் வைத்துச் சொன்னான்.

“அக்கா, இந்த இன்ஜினுக்கு எண்ணெய் தனியாப் போகல. பெட்ரோலோடயே கலந்துதான் போகுது. முழு ஓட்டத்துல நீங்க திடீர்னு கைய வுட்டா எண்ணெயும் நின்னுடும். பிஸ்டன் காஞ்சு சிலிண்டரைக் கவ்விக்கும். என்ன ஆனாலும் கைய வுடாதீங்க.”

“எங்கண்ணன் பின்னாடி உக்காந்திருக்கையில நான் கைய உடுவனா தம்பி?”

அந்த நாளும் வந்தது. அடிவாரத்துக் கோயிலில் சாமியானா போட்டு, லீவில் வந்த புருஷனும் அவன் வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். பூவிழி பட்டுப்பாவாடையில் கால் தட்டிக்கொண்டு சாலையையே பார்த்திருந்தாள். ஆசாரி ஊசியை எலுமிச்சம்பழத்தில் குத்தி வைத்திருந்தார். மோகன் எதற்கும் இருக்கட்டும் என்று புது வேட்டி கட்டி வந்திருந்தான். எத்திராஜ் ஒரு குடம் தண்ணீரும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு புளியமரத்து வளைவில் போய் நின்றுகொண்டான், பாதி வழியில் ஏதாவது என்றால் கைகொடுக்கலாமே என்று.

மேலே செங்கோடன் குளித்து, திருநீறு பூசி, மாமன் சீராக வாங்கிய சின்னத் தோட்டை மடியில் முடிந்துகொண்டு, பெருமாயியின் பின்னால் ஏறி உட்கார்ந்தான். அவனும் சீர்த்தட்டும் பலாப்பழமும் வாழைத்தாரும் சேர்ந்து அந்த வண்டி அதுவரை சுமக்காத பாரம். தெருவின் சமதரையில் முறுக்கினாள். முனகியது, இருமியது, அவள் பொறுத்தாள், குரல் பிடித்தது. மலை படுத்தது. மேல்நாட்டுச் சனமெல்லாம் சாலையின் இருபக்கமும் நின்று கைதட்ட, குலவையிட, செங்கோடன் முதலில் ஒரு கண்ணைத் திறந்தான், பிறகு மறுகண்ணையும் திறந்தான், பிறகு எதிர்ப்பட்டவர்களுக்குக் கும்பிடு போட ஆரம்பித்துவிட்டான். “அம்மிணி, அந்தா பாரு, நான் படிச்ச பள்ளிக்கூடம்! அட, இங்க ஒரு சுனை இருக்கும்ல, இருக்குது இருக்குது!” இந்த மனுஷன் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று பெருமாயி நினைத்தாள். நினைத்துக்கொண்டே வந்தாள், வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, புளியமரம் வந்தது.

அவள் விடவில்லை, அவள் கை விட்டது. ஒவ்வொரு சாயங்காலமும் அந்த மரத்தின் நிழல் முகத்தில் பட்டதும் இன்ஜினை அணைத்துப் பழகிய கை, அது மலை படுத்திருக்கிறதா நிற்கிறதா என்றெல்லாம் பார்க்கவில்லை, அண்ணன் பின்னால் இருக்கிறான் என்றும் பார்க்கவில்லை, வழக்கம்போல முறுக்கைத் தளர்த்தி வழக்கம்போல அணைத்தது. குரல் அறுந்தது. உள்ளே இரும்பு இரும்பைக் கவ்வும் சத்தம் கேட்டது, பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது, எத்திராஜ் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து வண்டியைப் பிடித்தான், பலாப்பழம் உருண்டது. மலை எழுந்து நின்றது. செங்கோடன் பாதி மலையில், கீழே போகவும் மேலே போகவும் வழியில்லாமல், மைல்கல்லைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தான்.

எத்திராஜ் பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியாக எண்ணெய் விட்டான், பெடலை மிதித்தான், ஏறி நின்று மிதித்தான். பெடல் அசையவில்லை. கொதிக்கிற சிலிண்டரில் கைவைத்து உள்ளங்கை பொத்துப்போனது. பிற்பாடு புது சிலிண்டர் போட்டு, அதே அரத்தால், அதே அளவுக்கு அவன் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான்; வண்டி நன்றாக இழுத்தது, மலை மட்டும் படுக்கவில்லை. ஊர் அதையும் எடுத்துக்கொண்டது, பஸ் டிரைவர் மறுபடி முதல் கியருக்குப் போனார். ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்த நேரத்தில் பெருமாயி சாலையில் உட்கார்ந்து தன் வலது கையை இடது கையால் அடித்துக்கொண்டிருந்தாள். “இந்தப் பாழாப்போன கை, இந்தக் கை!” என்று அடித்தாள்.

குரல் அறுந்ததைக் கேட்டு, பூசாரியும் ஆசாரியுமாகக் கீழிருந்து சனம் ஏறி வந்தது. மாமனார் மூச்சு வாங்க வந்து நின்று, குப்புறக் கிடந்தவனைப் பார்த்தார், பெருமாயியைப் பார்த்தார். “அழுவாத அம்மிணி. உன்னால ஆனதுக்கும் மேல செஞ்சுட்ட. நேரம் போவுது, மோகன் மடியிலயே வெச்சுரலாம்” என்றார். மோகன் புது வேட்டியைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டான், அவனும் நல்லவன்தான்.

பூவிழி யாரையும் கேட்கவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைத் தாண்டிப் போய் மைல்கல் பக்கத்தில் குந்தினாள்.

“மாமா, குத்துனா வலிக்குமா?”

செங்கோடன் கண்ணைத் திறக்காமலே மைல்கல்லிலிருந்து ஒரு கையை விடுவித்து, காற்றில் துழாவி, அவள் தலையைத் தொட்டான். “எறும்பு கடிச்சாப்புல இருக்கும் கண்ணு. வா. எங்க அந்த ஆசாரி?” என்றான். மெல்லப் புரண்டு, மலைக்கு முதுகு கொடுத்து எழுந்து உட்கார்ந்தான். சரிவில் உட்கார்ந்தால் எதுவும் நிற்காது, சீர்த்தட்டே சறுக்கிக்கொண்டிருந்தது. அவன் குருடனைப்போலக் கால்களால் தரையைத் தடவி, பள்ளத்துப் பக்கமிருந்த காலை மடக்கி முழங்காலை உயர்த்தினான், மேட்டுப் பக்கத்துக் காலை நீட்டித் தாழ்த்தினான், குதிகாலைத் தார்ச்சாலையில் அழுத்திக் கொஞ்சம் ஏற்றிக் கொஞ்சம் இறக்கிச் சரிபார்த்தான். கால் இரண்டும் நடுங்கின. மடி மட்டமாகிவிட்டது.

எத்திராஜ் பொத்துப்போன கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றான். பெருமாயி அவனைத் தாண்டிப் போய் மகளைத் தூக்கி அந்த மடியில் வைத்தாள்.

“சாமி கீழயல்லோ இருக்குது” என்றார் மாமனார் தயங்கியபடி.

பூசாரி வளைவின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். “கோயில் தெரியுதுங்க. நமக்குச் சாமி தெரிஞ்சா, சாமிக்கு நாம தெரிய மாட்டமா? ஆசாரி, குத்தப்பா.”

ஆசாரி குந்தி உட்கார்ந்து, காதில் சந்தனப் பொட்டு வைத்து இடம் பார்த்தார். பெருமாயி மகளின் தலையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் முகம் அவள் முகத்துக்கு அத்தனை பக்கத்தில் இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை, திருநீறு கரைந்து ஓடியது, கண் இன்னும் மூடியே இருந்தது. நடுக்கம் மடிக்கு ஏறிவந்தது. ஊசி பக்கத்தில் வந்ததும் பூவிழி மாமன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

“மாமா, ஆடாத. ஊசி தப்பாக் குத்திரும்.”

செங்கோடன் கண்ணைத் திறந்தான். திறந்த கண்ணால் அந்தச் சின்னக் காதைப் பார்த்தான், சந்தனப் பொட்டைப் பார்த்தான், அதைத் தாண்டிக் கீழே வளைந்து வளைந்து இறங்கும் சாலையையும், அதன் கடைசியில் சாமியானாவையும், கோயிலையும், அதற்கப்பால் தூரத்து வயல்வரைக்கும் பார்த்தான். ஊசி போய் வந்தது. பூவிழி வீறிட்டாள். அவன் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டான், முழங்கால் இம்மியும் அசையவில்லை.

“நான் ஆடல கண்ணு” என்றான். பெருமாயியை நிமிர்ந்து பார்த்தான். “அம்மிணி, மலையும் ஆடல.”